பொத்தானைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்

வேர்டில் மனிதர்கள் அதிகமாக அழுத்தும் கட்டளை எது? எங்கள் ஜெராக்ஸ் கடையில் யாரைக் கேட்டாலும் முதலில் சேவ் என்பார்கள், அப்புறம் பிரிண்ட் என்பார்கள். இரண்டும் இல்லை. பேஸ்ட்தான். மைக்ரோசாஃப்டில் ஆபீஸின் முகப்பை வடிவமைத்த குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ் 2006-ல் இதை எழுதினார். ஆபீஸ் 2003 பயன்படுத்தியவர்களில் சம்மதம் கொடுத்தவர்களின் கணினிகளிலிருந்து வந்த தகவலை வைத்துப் போட்ட கணக்கு அது. வேர்டில் கொடுக்கப்படும் மொத்தக் கட்டளைகளில் 11 சதவீதத்துக்கு மேல் பேஸ்ட் மட்டுமே. கூடவே சேவ், காப்பி, அன்டூ, போல்டு நான்கையும் சேர்த்தால் 32 சதவீதம். உள்ளே இருப்பதோ 1,500 கட்டளைகளுக்கு மேல். அதாவது, மூன்றில் ஒரு பங்கு வேலையை ஐந்தே பொத்தான்கள் முடித்துவிடுகின்றன.

அதே ஹாரிஸ் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. டூல்பாரையும் மெனுவையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லையாம். அப்படி மாற்றுகிறவர்களிலும் பெரும்பாலோர் தொடுவது நாலு பொத்தானுக்குள்தான்.

நான் அந்த இரண்டு பேரில் ஒருத்தன். ஏன் அப்படி ஆனேன், நீங்களும் ஏன் ஆகலாம் என்று சொல்கிறேன்.

எங்கள் கடையின் வேலை

எங்கள் ஊர் எக்கியார்குப்பம். பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு 2023 மே மாதக் கள்ளச்சாராயச் சாவுகள்தான் ஞாபகம் வரும். அது மறக்கக்கூடியதும் இல்லை. ஆனால் வருஷம் முழுக்க இந்த ஊரில் நடப்பது வேறு. கிழக்கே கடல், நடுவே ஈசிஆர் சாலை, மரக்காணத்துப் பக்கம் திரும்பினால் உப்பளம். மீன்காரரும் உப்பளக்காரரும் ஏதாவது ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்கு 8,000 ரூபாய் நிவாரணம். மழைக்காலத்தில் அளம் மூழ்கிக் கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். இது போக வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, படகு எஞ்சின் மானியம். எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கும். விண்ணப்பம் போட்டும் நடக்கவில்லை என்றால் ஒரு மனு இருக்கும். அந்த மனு அடிக்கிற ஜெராக்ஸ் கடைதான் என் இடம்.

மனு அடிக்க என்ன வேண்டும்? அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், நாலு பத்தி, இப்படிக்கு. படம் வேண்டாம். அட்டவணை எப்போதாவது. அடிக்குறிப்பு, பொருளடக்கம், மெயில் மெர்ஜ், கருத்துப் பெட்டி, வாட்டர்மார்க் எதுவும் வேண்டாம். ஆனால் திரையைத் திறந்தால் அத்தனையும் வரிசை கட்டி நிற்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது மெனுவுக்குள் இன்னொரு மெனுவில் கிடக்கும்.

மேசைக்கு எதிரே நிற்கிறவர் பொறுமை இழக்கிற இடமும் அதுதான். அவருக்கு நாம் எதையோ தேடுகிறோம் என்று தெரியாது. தெரியாமல் முழிக்கிறோம் என்றுதான் தெரியும்.

யார் கணக்கு, யார் மேசை

டூல்பார் என்பது யாரோ ஒருவர் நமக்காகப் போட்டு வைத்த அடுக்கு. கோடிக்கணக்கான பேரின் பழக்கத்தைக் கூட்டி வகுத்துப் போட்டது. அந்தக் கூட்டலில் மனு அடிக்கிற மேசை எங்கே தெரியப்போகிறது?

இதைச் சரிசெய்ய மென்பொருள்காரர்கள் முயலாமல் இல்லை. ஆபீஸ் 2000-ல் ஒரு வித்தை செய்தார்கள். நீங்கள் அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானே ஒளித்துக்கொள்ளும். கீழே இரட்டை அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டினால்தான் முழு மெனு விரியும். கேட்க நன்றாக இருந்தது, பழகினவர்களுக்குத்தான் எரிச்சல். நேற்று மூன்றாவது வரியில் இருந்தது இன்று ஐந்தாவதில் நிற்கும். கை பழகிய இடம் தினமும் மாறினால் கை எப்படிப் பழகும்?

பிறகு ஆபீஸ் 2007 வந்தது. பழைய மெனுவும் டூல்பாரும் போய் ரிப்பன் வந்தது. வேர்டு 2003-ல் டூல்பார்கள் மட்டும் 31 இருந்தன, அந்தக் குப்பையைக் கூட்டியதில் தப்பில்லை. ஆனால் ரிப்பனைப் பயன்படுத்துகிறவர் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். மேலே குயிக் ஆக்சஸ் டூல்பார் என்று ஒரு சின்னப் பட்டை மட்டும் நம் கைக்கு விட்டார்கள். பயனர்கள் சத்தம் போட்ட பிறகு 2010 பதிப்பில்தான் ரிப்பனையும் மாற்றலாம் என்று திறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பட்டது இதுதான்: இயந்திரம் மாற்றினால் கை தடுமாறும், நாமே மாற்றினால் கை மறக்காது. எந்தப் பொத்தானை எங்கே வைத்தோம் என்பது வைத்தவனுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்குக் கிளம்பும்போது வீட்டில் இருக்கிற எல்லா வலையையும் படகில் ஏற்றுவதில்லை. அன்றைக்கு நண்டுக்கா, இறாலுக்கா, மத்திக்கா என்று பார்த்து அந்த வலையைத்தான் ஏற்றுவார்கள். டூல்பாரும் அவ்வளவுதான்.

'மனு' டூல்பார்

எங்கள் கடையில் லிப்ரே ஆபீஸ். காசு கொடுக்க வேண்டாம் என்பது முதல் காரணம், நம் இஷ்டத்துக்கு வளையும் என்பது இரண்டாவது. தமிழ்நாட்டுக்கு இந்த வகை மென்பொருள் புதிதும் இல்லை. எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே அங்கே சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அந்த லேப்டாப் இல்லாத தெரு இல்லை, பாஸ் லினக்ஸ் பக்கம் போய்ப் பார்த்தவர்தான் குறைவு. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010 செப்டம்பரில் பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ்.

அதில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் கஸ்டமைஸ் என்பதைத் திறந்தால் மெனு, டூல்பார், வலது கிளிக் மெனு, விசைப்பலகை என்று தனித்தனி தாவல்கள் இருக்கும். பலர் இங்கே வந்ததும் இருக்கிற டூல்பாரிலேயே கையை வைப்பார்கள். நான் சொல்வது வேறு: பழையதைத் தொடாதீர்கள், புதிதாக ஒன்று போடுங்கள். டூல்பார் தாவலில் வலப்பக்கம் மூன்று கோடு போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அதில் ஆட் என்று கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். நான் 'மனு' என்று வைத்தேன். தமிழிலேயே வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். பிறகு இடப்பக்கத் தேடல் பெட்டியில் கட்டளையின் பெயரை அடித்து, அம்புக்குறியால் வலப்பக்கம் தள்ள வேண்டியதுதான்.

என் 'மனு' டூல்பாரில் ஒன்பது பொத்தான்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, முக்கியமான சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பொத்தான் வெறும் எழுத்தாக ஒட்டுவது. பேஸ்ட் அன்ஃபார்மட்டட் டெக்ஸ்ட் என்று தேடினால் வரும். பாதிப் பேர் மனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வருகிறார்கள். மீதிப் பேருக்குப் பழைய இணையப் பக்கத்திலிருந்து எதையாவது எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. சாதாரணமாக ஒட்டினால் அங்கிருந்த எழுத்துரு, நிறம், வரி இடைவெளி எல்லாம் கூடவே வந்து உட்காரும். இந்தப் பொத்தானில் எழுத்து மட்டும் வரும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், வி என்று நாலு விசையைச் சேர்த்து அழுத்தினாலும் நடக்கும். ஒரு கையில் மனுதாரரின் ஆதார் அட்டையைப் பிடித்துக்கொண்டு நாலு விசையை அழுத்திப் பாருங்கள், பொத்தானின் அருமை தெரியும்.

அடுத்தது எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானும் சிறிதாக்கும் பொத்தானும். இதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். "தம்பி, எழுத்த கொஞ்சம் பெருசா போடுப்பா. சின்னதா இருந்தா படிக்காமலே வெச்சிடப் போறாங்க" என்பார்கள். ஒரு முறை இல்லை, மனு ஒவ்வொன்றுக்கும். ஒரே பக்கத்தில் அடங்கவும் வேண்டும், பெரிதாகவும் தெரிய வேண்டும். அவர் எதிரே நின்று பார்க்கப் பார்க்க ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்து ஏற, "ஆங், போதும்" என்று அவரே நிறுத்துவார்.

அதற்கடுத்தது ஆட்டோடெக்ஸ்ட். அனுப்புநர் முதல் இப்படிக்கு வரையான சட்டகத்தை ஒரு முறை சேர்த்து வைத்துவிட்டால், அதன் சுருக்கப் பெயரை அடித்து எஃப்3 அழுத்தினால் மொத்தமும் வந்து விழும். பொத்தானை வைத்திருப்பது புதிதாக உட்காருகிறவர்களுக்காக.

அதற்குப் பிறகு வரும் பொத்தானைச் சொல்ல கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

கடல் குடலான கதை

2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர் என்று அச்சகத்துக்குப் போகிற சரக்கெல்லாம் இன்றைக்கும் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில்தான் கேட்கிறார்கள். இந்த எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்து, நமக்குத் திரையில் தெரிவது தமிழ் எழுத்து. பாமினியில் சின்ன எஃப் அடித்தால் 'க'. ஷிஃப்ட் பிடித்து எஃப் அடித்தால் 'கு'. சின்ன ஜி என்றால் 'ப', பெரிய ஜி என்றால் 'பு'.

இப்போது ஒரு வாக்கியத்தைக் 'கடல்' என்று தொடங்குகிறீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று மென்பொருளின் தானியங்கித் திருத்தம் அதைப் பெரிய எழுத்தாக்கும். உடனே கடல் குடலாகிவிடும். படகு புடகாகும். தமிழ் துமிழாகும். வேகமாக அடிக்கிறவர் திரையைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே போனால் பத்தி தோறும் முதல் சொல் கெட்டிருக்கும். அச்சில் வந்த பிறகு யாரைத் திட்டுவது?

அதனால் ஆட்டோகரெக்ட் வைல் டைப்பிங் என்ற கட்டளையை 'மனு' டூல்பாரில் தூக்கி வைத்திருக்கிறேன். பழைய எழுத்துரு வேலை வந்தால் ஒரு தட்டில் அணைக்கலாம், முடிந்ததும் ஒரு தட்டில் போடலாம். வேர்டு வைத்திருப்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒன்பதில் கடைசியாக இருப்பது பிடிஎஃப். டைரக்ட்லி என்று முடிகிற பொத்தானை வைக்காதீர்கள், அது தரம், அளவு பற்றி எதையும் கேட்காமல் ஏற்றுமதி செய்யும். கேள்வி கேட்கிற பொத்தானை வையுங்கள். பதிவேற்றும் தளங்கள் பலவும் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கேள்வி கேட்கும் ஜன்னலில்தான் படத்தின் தரத்தைக் குறைத்து அளவைச் சுருக்கும் வசதி இருக்கிறது. பிரிண்டுக்கும் இதே நியாயம்தான். கேட்காமல் அடிக்கும் பொத்தான் தாளுக்கும் மைக்கும் எமன்.

உப்பளக் கணக்கு

அளம் குத்தகைக்கு எடுத்திருக்கிற ஒருவர் கூலிக் கணக்கும் மூட்டைக் கணக்கும் லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க் கோப்பில் வைத்திருக்கிறார். தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை வரிசை நீண்டுகொண்டே போகும். அவருக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: தலைப்பு வரி நகராமல் நிற்க வேண்டும், கூட்டல் வர வேண்டும், மேலே ஒரு வரி நுழைக்க வேண்டும், அச்சில் வர வேண்டிய பகுதியைக் குறிக்க வேண்டும். இந்த நான்கையும் அவர் கோப்பில் ஒரு பட்டையாகப் போட்டுக் கொடுத்தேன். படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுத்து மட்டும் காட்டும்படி வைத்தேன், பெயர்களையும் மாற்றினேன்: 'தலைப்பை நிறுத்து', 'கூட்டு', 'வரி சேர்', 'அச்சுப் பகுதி'. கண்ணாடி போடாமலே படிக்கிறார்.

ஐந்தாவதாக ஒன்று அவரே கேட்டார். ஒரு லட்சம் என்பது 100,000 என்று வந்தால் அவருக்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது, 1,00,000 என்று வர வேண்டும். நம் முறையில் காற்புள்ளி விழும்படி ஒரு செல் ஸ்டைல் செய்து அதைப் பொத்தானாக்கிவிட்டேன். கஸ்டமைஸ் ஜன்னலின் வகைப் பட்டியலில் ஸ்டைல்ஸ் என்று ஒன்று உண்டு. நாம் செய்த பாணிகளை அங்கிருந்து எடுத்து டூல்பாரில் வைக்கலாம். பலருக்குத் தெரியாத வசதி இது.

மேலே 'அவர் கோப்பில்' என்று எழுதியிருந்தேன், கவனித்தீர்களா? கஸ்டமைஸ் ஜன்னலில் ஸ்கோப் என்று ஒரு பெட்டி இருக்கிறது. மாற்றத்தை மென்பொருளில் சேமிப்பதா, திறந்திருக்கும் கோப்பில் மட்டும் சேமிப்பதா என்று அது கேட்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்தால் டூல்பார் கோப்போடு போகும். அவர் பென் டிரைவில் எடுத்துப் போய் வேறு கணினியில் லிப்ரே ஆபீஸில் திறந்தாலும் பட்டை அங்கே நிற்கும். பல பேர் கை வைக்கிற கணினியில் இதுதான் நாகரிகமும்கூட.

பரீட்சைக்குப் போகிறவர்கள்

கடையில் மாலையில் வந்து உதவுகிற சித்தப்பா மகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "இங்க பழகிட்டு அங்க போய் நான் முழிக்கணுமாண்ணா?" அவள் தயாராவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ்த் தேர்வுக்கு. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் எழுதுகிற தேர்வு. பரீட்சை அறையில் எந்தப் பொத்தானும் நம் இஷ்டத்துக்கு இருக்காது.

கேள்வி நியாயமானது. பழையதைத் தொடாமல் புதிய டூல்பார் போடுங்கள் என்று நான் சொல்வதே அதனால்தான். அவள் உட்காரும்போது வியூ மெனுவில் 'மனு'வை மறைத்துவிட்டு வழக்கமான டூல்பாரைக் காட்டிக்கொள்கிறாள். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் இசட் மாதிரி எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கிற விசைகளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அதில் கை வைத்தால் வெளியே போகிற இடமெல்லாம் தடுமாற்றம்தான்.

வேர்டு வைத்திருப்பவர்களுக்கு

உங்களுக்கு வழி இன்னும் சுருக்கம். ரிப்பனில் எந்தக் கட்டளையின் மேலும் வலது கிளிக் செய்து குயிக் ஆக்சஸ் டூல்பாரில் சேர் என்று கொடுங்கள், மேலே போய் உட்காரும். அந்தப் பட்டையை ரிப்பனுக்குக் கீழே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, மவுஸ் போகிற தூரம் குறையும். அதில் முதல் ஒன்பது பொத்தான்களுக்கும் ஆல்ட் 1 முதல் ஆல்ட் 9 வரை விசை தானாகவே கிடைக்கும். அதனால் அதிகம் தொடுவதை முன்னால் வையுங்கள். புது டேப் ஒன்று போட்டுத் தமிழில் பெயர் வைக்கவும் ஆப்ஷன்ஸில் இடம் இருக்கிறது. செய்த மாற்றங்களை அங்கேயே எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணினி மாற்றினால் உதவும்.

லிப்ரே ஆபீஸில் இதற்குச் சமமான காரியம், பயனர் கோப்புறையை நகலெடுத்து வைப்பது. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங் என்று போனால் லிப்ரே ஆபீஸ் பெயரில் இருக்கும். நோண்டி நோண்டி எல்லாம் குழம்பிவிட்டால் ஹெல்ப் மெனுவில் ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட் என்று கொடுங்கள். அமைப்புகளையும் முகப்பு மாற்றங்களையும் பழையபடி ஆக்கும் வசதி அங்கே இருக்கிறது, உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

எதிலிருந்து தொடங்குவது?

பொத்தான் சேர்ப்பதிலிருந்து தொடங்காதீர்கள். கீபோர்டு பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். ஒரு வாரம், மெனுவைத் திறந்து தேட வேண்டி வந்த கட்டளை எதுவாக இருந்தாலும் அதில் எழுதி, திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் அதிகக் கோடு விழுந்தவற்றை மட்டும் புது டூல்பாரில் வையுங்கள். பத்துக்கு மேல் போக வேண்டாம். பத்தைத் தாண்டினால் அதிலும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு, காகிதத்தில் ஒரு முறைகூட வராத டூல்பார்களை வியூ மெனுவில் போய் மறையுங்கள். அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கும், பள்ளி அலுவலகத்திலோ சங்கத்திலோ ஒரே மாதிரிக் கடிதங்களை நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இதற்குப் புது மென்பொருள் வேண்டாம், புதுக் கணினி வேண்டாம், பயிற்சி வகுப்பும் வேண்டாம். அரை மணி நேரம் போதும். உங்கள் காகிதத்தில் முதலிடம் எதற்கு வந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பேஸ்ட்டாக இருக்கும் என்பது என் பந்தயம்.